போர் வேண்டாம்... போன பிள்ளை வேண்டும்!

பள்ளிக்கூடத் தமிழ்ப் பாடத்தில் நம்மில் பலர் சந்தித்த ஓர் அம்மா உண்டு. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய புறநானூற்றுத் தாய். முந்தைய நாள் போரில்தான் கணவன் இறந்திருக்கிறான். மறுநாளும் போர்ப்பறை கேட்கிறது. வீட்டில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு மகன். அவனைக் கூப்பிட்டு, தலைக்கு எண்ணெய் தடவி வாரிவிட்டு, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள்.

'வீரத்தாய்' என்று தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கியிருப்போம். ஆனால், யாரும் நம்மிடம் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அந்தப் போரே தப்பு என்று அந்த அம்மா நினைத்திருந்தால்? 'நான் போறேன்' என்று மகனே வேலை எடுத்திருந்தால்? அப்போது அவள் என்ன செய்திருப்பாள்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. நிஜமாகவே பல வீடுகளில் நடந்தது. அரசியல் பேசினாலே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஆளுக்கொரு பக்கம் கோபித்துக்கொண்டு வெளியேறும் காலம் இது. கருத்து வேறுபாட்டின் மறுபக்கத்தில் பெற்ற பிள்ளையே, அதுவும் உயிரைப் பணயம் வைத்து நின்றால் என்ன செய்வது? அதைச் சந்தித்த சில பெற்றோரைப் பற்றித்தான் இந்த வாரம்.

அப்பா போட்ட கையெழுத்து

1914 ஆகஸ்ட். முதல் உலகப்போர் தொடங்கிவிட்டது. பெர்லினில் தொழிலாளர்கள் வாழும் பகுதியில் மருத்துவம் பார்த்துவந்தவர் கார்ல் கோல்விட்ஸ். அவருடைய மனைவி கேத்தே கோல்விட்ஸ், ஏழைகளின் வாழ்க்கையை வரைந்து புகழ்பெற்ற ஓவியர். இரண்டு மகன்கள். இளையவன் பீட்டருக்கு வயது 18.

ஊரெங்கும் இளைஞர்கள் ராணுவத்தில் சேர வரிசையில் நின்றார்கள். பீட்டரும் போக ஆசைப்பட்டான். ஆனால், மேஜர் ஆகாதவன் என்பதால் அப்பா சம்மதிக்க வேண்டும். கார்ல் மறுத்தார். 'உன் வயதுக்காரர்களை நாடு இன்னும் கூப்பிடவில்லையே, தேவை இருந்தால் கூப்பிட்டிருக்கும்' என்பது அவருடைய வாதம்.

பீட்டர் அம்மாவைப் பார்த்தான். உதவி கேட்கும் பார்வை. கேத்தேயால் அதைத் தாங்க முடியவில்லை. மகனுக்காகக் கணவரிடம் அவரே பரிந்து பேசினார். கார்ல் சம்மதித்தார்.

அக்டோபரில் பீட்டர் போர்முனைக்குக் கிளம்பினான். அதே மாதம் 22-ம் தேதி இரவு, பெல்ஜியத்தின் டிக்ஸ்முய்ட பகுதியில் இறந்துபோனான். வீட்டைவிட்டுப் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

அதன் பிறகு கேத்தே வாழ்ந்தது 30 ஆண்டுகள். மகனுக்கு ஒரு நினைவுச்சின்னம் செய்ய அந்த டிசம்பரிலேயே முடிவெடுத்தார். செய்வார், திருப்தி இல்லாமல் விட்டுவிடுவார், மறுபடி தொடங்குவார். 1932-ல்தான் அது பீட்டர் புதைக்கப்பட்ட கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று அது பெல்ஜியத்தின் விளாட்ஸ்லோ கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது.

அதில் போர்வீரன் இல்லை, துப்பாக்கி இல்லை, கொடி இல்லை. மண்டியிட்டிருக்கும் ஓர் அப்பா, ஓர் அம்மா. அவ்வளவுதான். அப்பா தன் கைகளால் தன்னையே இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அம்மா தலைகுனிந்து கூனிப்போயிருக்கிறார். தனித்தனிக் கல்லில், ஒருவரை ஒருவர் தொடாமல் இருக்கிறார்கள்.

1918-ல் ஜெர்மனி தோற்கும் நேரத்தில், ரிச்சர்ட் டேமல் என்ற கவிஞர் 'கடைசியாக ஒருமுறை தன்னார்வலர்கள் போருக்கு வாருங்கள்' என்று அழைத்தார். அப்போது பத்திரிகையில் பகிரங்கமாக மறுப்பு எழுதியவர் கேத்தே. இறந்தது போதும், இனி ஒருவரும் போகக் கூடாது என்பதே அதன் சாரம்.

பிள்ளை பக்கம் நின்றது தவறா? கேத்தேயை வாழ்நாள் முழுக்கத் துரத்திய கேள்வி இது. எளிதான பதில் கிடையாது. கார்ல் மறுத்தே இருந்தாலும், போர் நீண்டபோது பீட்டரின் வயதுக்காரர்களை ராணுவமே கட்டாயமாக அழைத்துக்கொண்டது. நம்முடைய 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பது பல சமயம் நம் கையில் இருப்பதில்லை.

18 வயது ஆனால்...

அங்கிருந்து ஏறத்தாழ 90 ஆண்டுகள் தாண்டி அமெரிக்காவுக்கு வருவோம். 2003 மார்ச்சில் இராக் போர் தொடங்குகிறது. பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லித் தொடங்கிய போர். தேடியும் அவை கிடைக்கவில்லை. போர் தொடங்கும் முன்பே லட்சக்கணக்கான அமெரிக்கர்கள் வீதிக்கு வந்து 'வேண்டாம்' என்றார்கள்.

அப்படி வீதிக்கு வந்தவர்களின் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். அங்கே அப்போது கட்டாய ராணுவ சேவை கிடையாது. விரும்பினால் சேரலாம். 17 வயதில் சேர அம்மா, அப்பா கையெழுத்து வேண்டும். 18 ஆகிவிட்டால் யாருடைய அனுமதியும் தேவையில்லை. காலையில் காபி குடித்துவிட்டுப் போன பிள்ளை, மாலையில் 'சேர்ந்துட்டேன்' என்று வந்து நிற்கலாம்.

2002 ஜனவரியில் கையெழுத்தான ஒரு கல்விச் சட்டத்தில், உயர்நிலைப் பள்ளிகள் மாணவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணை ராணுவத்தின் ஆள்சேர்ப்பு அதிகாரிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்ற விதி இருந்தது. வேண்டாம் என்றால் பெற்றோர் எழுத்து மூலம் சொல்ல வேண்டும். அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாத பெற்றோருக்கு, வீட்டுத் தொலைபேசி அடித்த பிறகுதான் விஷயம் தெரியும்.

பிள்ளைகள் ஏன் சேர்ந்தார்கள்? எல்லோருக்கும் ஒரே காரணம் இல்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலைத் தொலைக்காட்சியில் பார்த்து, 'நாட்டுக்கு ஏதாவது செய்யணும்' என்று நினைத்தவர்கள் உண்டு. கல்லூரிக் கட்டணம் கட்ட வழியில்லாமல் சேர்ந்தவர்கள் உண்டு. அப்பாவும் தாத்தாவும் போட்ட சீருடையைத் தானும் போட ஆசைப்பட்டவர்கள் உண்டு.

முக்கியமான விஷயம், ராணுவத்தில் சேர்பவர் எந்தப் போருக்குப் போவது என்று தேர்ந்தெடுக்க முடியாது. அதை முடிவுசெய்வது அரசாங்கம். 'நாட்டுக்காகப் போறேன்' என்று பிள்ளை சொல்வதும், 'இந்தப் போர் நாட்டுக்கு நல்லதில்லை' என்று அப்பா சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். சிக்கலே அங்கேதான்.

மகனின் பூட்ஸ்

ஜிம் வெப். வியட்நாம் போரில் மரைன் படை அதிகாரியாக இருந்து வீரப் பதக்கம் வாங்கியவர். அதிபர் ரீகன் காலத்தில் கடற்படைச் செயலாளராக இருந்தவர். போருக்குப் பயந்தவர் என்று எதிரிகூட அவரைச் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர் இராக் போர் தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பே, 'உள்ளே போனால் வெளியே வருவது கடினம்' என்ற பொருளில் நாளிதழில் எச்சரித்து எழுதினார்.

அவருடைய மகன் மரைன் படையில் இருந்தார். 2006-ல் இராக்கின் அன்பார் மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். அப்போது மிக ஆபத்தான பகுதி அதுதான்.

அதே ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தில் செனட் தேர்தலில் நின்றார் வெப். போரை எதிர்த்துத்தான் பிரசாரம். ஆனால், மேடை மேடையாக அவர் போட்டுக்கொண்டு நடந்தது மகனின் பழைய ராணுவ பூட்ஸை! மகனைப் பற்றி மேடையில் உருகி ஓட்டு கேட்கவில்லை. பிள்ளையை அரசியல் சரக்காக்க அவர் விரும்பவில்லை. 10,000-க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அந்த நவம்பரில், புதிய உறுப்பினர்களுக்கு வெள்ளை மாளிகையில் வரவேற்பு. போரைத் தொடங்கிய அதிபர் புஷ், வெப்பிடம் வந்து கேட்டார்: "மகன் எப்படி இருக்கிறார்?"

"அவர்களை இராக்கிலிருந்து திரும்பக் கூட்டி வரவே விரும்புகிறேன், அதிபர் அவர்களே."

"நான் அதைக் கேட்கவில்லை. மகன் எப்படி இருக்கிறார்?"

"அது எனக்கும் என் மகனுக்கும் இடையிலான விஷயம், அதிபர் அவர்களே!"

மரியாதை இல்லாத பதில் என்று சிலர் திட்டினார்கள். அப்படித்தான் பேச வேண்டும் என்று சிலர் பாராட்டினார்கள். எனக்கு அந்தப் பதிலில் ஒரு கோடு தெரிகிறது. போர் பற்றிப் பேச வேண்டுமா, ஊரறியப் பேசலாம். பிள்ளை எப்படி இருக்கிறான் என்பது வீட்டுக்குள் இருப்பது. இரண்டையும் கலக்க விடமாட்டேன் என்கிறார் அந்த அப்பா.

வெப் அதோடு நிற்கவில்லை. செனட்டராகப் பதவியேற்ற முதல் நாளே ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு பணியாற்றிய வீரர்களின் கல்லூரிப் படிப்புக்கு அரசு செலவு செய்ய வேண்டும் என்பதே அது. 2008 ஜூன் 30-ல் சட்டமானது. கையெழுத்துப் போட்டவர் அதே புஷ். வெப்பின் மகனும் உயிரோடு வீடு திரும்பினார்.

போரை எதிர்த்த அப்பா, போருக்குப் போன அத்தனை பிள்ளைகளுக்கும் படிப்புக்கு வழிசெய்தார். 'ஆதரவு' என்ற சொல்லுக்கு இப்படியும் அர்த்தம் இருக்கிறது.

திரும்பி வராத மகன்

எல்லா வீட்டிலும் கதை இப்படி முடியவில்லை.

ஆண்ட்ரூ பாசெவிச்சும் வியட்நாம் போருக்குப் போனவர்தான். கர்னலாக ஓய்வுபெற்று, பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இராக் போரை ஆரம்பத்திலிருந்தே கட்டுரைகளிலும் புத்தகத்திலும் கடுமையாக விமர்சித்தவர். தந்தையின் பெயரையே கொண்ட அவருடைய மகன், அந்தப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே ராணுவத்தில் சேர்ந்தார். 2007 மே 13 அன்று, இராக்கில் குண்டுவெடிப்பில் இறந்தார். வயது 27.

மகன் இறந்த பிறகு அந்த அப்பாவுக்குக் கடிதங்கள் வந்தன. ஆறுதல் கடிதங்களுக்கு நடுவே, 'நீங்கள் போரை எதிர்த்து எழுதியது எதிரிக்குத் தெம்பு கொடுத்தது. உங்கள் மகன் சாவுக்கு நீங்களே காரணம்' என்ற குற்றச்சாட்டும் இருந்தது. மகனைப் பறிகொடுத்த ஒருவருக்கு!

இரண்டு வாரம் கழித்து வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். மகன் நல்ல ராணுவ வீரனாக இருக்க முயன்றான், நான் நல்ல குடிமகனாக இருக்க முயன்றேன், இருவரும் அவரவர் கடமையைத்தான் செய்தோம் என்றார். அதோடு முடித்திருந்தால் படிப்பவர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் முடிக்கவில்லை. மக்கள் பேசினால் ஆட்சியாளர்கள் கேட்பார்கள் என்று நம்பியது ஏமாற்றம் என்றார். மகன் தன்னால் முடிந்த அத்தனையும் கொடுத்தபோது, தான் உண்மையில் எதையும் செய்துவிடவில்லை என்றார். அவனைக் கைவிட்டுவிட்டேன் என்று எழுதினார்.

கேத்தேக்கு, 'சம்மதம் வாங்கிக் கொடுத்துவிட்டேனே' என்ற குற்ற உணர்வு. பாசெவிச்சுக்கு, 'எதிர்த்தும் தடுக்க முடியவில்லையே' என்ற குற்ற உணர்வு. எப்படி நடந்துகொண்டாலும் பெற்றவர்களுக்குப் பழி மிஞ்சுகிறது. ஆனால், இந்தப் பழியை அவர்கள் சுமக்க வேண்டியதுதானா? போரை முடிவு செய்தது அவர்கள் இல்லையே!

பாசெவிச் எழுதுவதை நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டு வந்த புத்தகத்தை மகனுக்குக் காணிக்கையாக்கினார். 2019-ல், தேவையில்லாத போர்களுக்கு எதிராக ஆய்வு செய்யும் குவின்சி இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

பெயர் தெரியாத அம்மா அப்பாக்கள்

இவர்கள் பிரபலங்கள். சாதாரண வீடுகளில் என்ன நடந்தது?

போரின் தொடக்கத்தில், குண்டு துளைக்காத கவசத் தகடுகள் எல்லா வீரர்களுக்கும் போதவில்லை. பெற்றோர் சொந்தக் காசில் வாங்கி இராக்குக்கு பார்சல் அனுப்பினார்கள். விஷயம் பெரிதாகி, 2004-ல் அந்தப் பணத்தை ஒரு பொருளுக்கு 1,100 டாலர் வரை திருப்பித் தரச் சட்டமே போட்டது அமெரிக்க நாடாளுமன்றம்.

போரே தப்பு என்று நினைக்கும் அம்மா அந்தத் தகட்டை வாங்கி அனுப்பலாமா? இந்தக் கேள்வியை எந்த அம்மாவிடம் கேட்டாலும் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். மழையில் போகாதே என்று சொல்லியும் கேட்காமல் போகிற பிள்ளைக்குக் குடையை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள்தானே அம்மாக்கள்!

படையில் பிள்ளை இருக்கும் வீட்டு ஜன்னலில் நீல நட்சத்திரக் கொடி மாட்டுவது அங்கே முதல் உலகப்போர் காலத்திலிருந்து வழக்கம். பிள்ளை இறந்தால் நீலம் தங்க நிறமாகும். இறப்புச் செய்தியை சீருடை அணிந்தவர்கள் நேரில் வந்துதான் சொல்வார்கள். அதனால் வாசல் மணி அடித்தாலே நெஞ்சு அடைக்கும். இன்னொன்று, முகாமில் யாராவது இறந்தால், அவர் குடும்பத்துக்குத் தகவல் போய்ச் சேரும்வரை அங்கிருந்து போன், இ-மெயில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். இரண்டு நாள் மெயில் வரவில்லை என்றால், யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை போய்விட்டான் என்று அர்த்தம். யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான் தெரியாது.

இந்த வேதனையைத் தனியாகச் சுமக்க முடியாதவர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். சார்லி ரிச்சர்ட்சன், நான்சி லெஸ்ஸின் தம்பதியின் மகன் மரைன் படையில் இருந்தார். 2002 நவம்பரில், போருக்கு முன்பே, 'மிலிட்டரி ஃபேமிலீஸ் ஸ்பீக் அவுட்' என்ற அமைப்பை அவர்கள் தொடங்கினார்கள். படையில் பிள்ளைகள் இருக்கும், ஆனால் போரை எதிர்க்கும் குடும்பங்களுக்கான அமைப்பு. 'வீரர்களை ஆதரிக்கிறோம் என்றால் போரையும் ஆதரிக்க வேண்டும்' என்று அன்று ஊரே பேசியபோது, 'அவர்களைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்வதுதான் எங்கள் ஆதரவு' என்று நின்றவர்கள் இவர்கள்.

தவிர்க்கக் கூடாத கேள்வி

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது.

இராக் போரில் இறந்த அமெரிக்க வீரர்கள் ஏறத்தாழ 4,500 பேர். இறந்த இராக் பொதுமக்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்களுக்கும் அம்மா அப்பா உண்டு. அவர்கள் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை. போர் அவர்கள் வாசலுக்கே வந்தது.

போரை எதிர்க்கும் பெற்றோரின் பயம், 'என் பிள்ளைக்கு என்ன ஆகுமோ' என்பதோடு முடிவதில்லை. 'என் பிள்ளை கையால் என்ன ஆகுமோ' என்பதும் சேர்ந்தது. இதை வெளியில் யாரிடமும் சொல்லக்கூட முடியாது. பிள்ளையை நேசிப்பது, அவன் செய்வதையெல்லாம் சரி என்று சொல்வதாகாது. அதேபோல, போர் தப்பு என்பதால் பிள்ளையை வீட்டுக்கு வெளியே நிறுத்துவதும் யாருக்கும் நல்லது செய்யாது.

காரணம் இருக்கிறது. போய்வந்த வீரர்களில் சிலர், தாங்கள் பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தார்கள். 2004-ல் இராக் போரை எதிர்க்கும் முன்னாள் வீரர்களின் அமைப்பே உருவானது. இன்னும் பலர் எதுவும் பேச முடியாமல், தூக்கம் இல்லாமல் அவதிப்பட்டார்கள். இரண்டு வகையினருக்கும் தேவைப்பட்டது, 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று ஆரம்பிக்காத ஒரு வீடு.

சொல்வதற்கு ஒரு நேரம், நிறுத்துவதற்கு ஒரு நேரம்

இந்தக் கதைகளை எல்லாம் படித்தபோது எனக்குப் புரிந்தது இதுதான்.

கையெழுத்துப் போடும் முன், மனதில் உள்ளதை மறைக்காமல் சொல்லலாம். சொல்லவும் வேண்டும். ஒப்பந்தத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கலாம். அமெரிக்க ராணுவ ஒப்பந்தத்தில், சில ஆண்டுகள் முழுநேரப் பணி போக, ரிசர்வ் படையையும் சேர்த்து மொத்தக் கடமை 8 ஆண்டுகள். ஆள்சேர்ப்பவர் வாயால் சொன்ன எதுவும் செல்லாது, எழுத்தில் உள்ளதே செல்லும். இதையெல்லாம் எடுத்துச் சொல்வது தடுப்பதாகாது. தெரிந்து முடிவெடுக்க உதவுவது.

கையெழுத்துப் போட்ட பிறகு, அந்தச் சண்டையை வீட்டுக்குள் நிறுத்திவிட வேண்டும். போர்முனையில் இருப்பவனுக்குக் கடிதத்தில் அரசியல் தேவையில்லை. நாய்க்குட்டி என்ன செய்தது, தங்கை எவ்வளவு மார்க் வாங்கினாள் என்பது போதும். எதிர்ப்பை ஆட்சியாளர்களிடம் காட்ட வேண்டும். ஏனென்றால், போரை நிறுத்தும் அதிகாரம் பிள்ளையிடம் இல்லை, அவர்களிடம்தான் இருக்கிறது.

திரும்பி வந்தால், அவன் பேசும்வரை காத்திருக்க வேண்டும். மனம் மாறி வந்தாலும், மாறாமல் வந்தாலும், கதவு திறந்தே இருக்கும் என்பது போகும்போதே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விளாட்ஸ்லோவில் மண்டியிட்டிருக்கும் அந்த அப்பாவும் அம்மாவும், கையெழுத்து விஷயத்தில் எதிரெதிர் பக்கம் நின்றவர்கள். வேண்டாம் என்றவர் ஒருவர், போகட்டும் என்றவர் இன்னொருவர். ஆனாலும், மகனின் கல்லறைக்கு முன் இருவரும் ஒரே பக்கம்தான் இருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் நிற்க, பிள்ளையைப் பறிகொடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.